கடலில் கரைவது எது?



தமிழில் ‘கரை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடலின் ஓரம் கரை. உப்பைத் தண்ணீரில் போட்டால் உப்பு கரைகிறது, அதுவும் கரை. இந்த இரண்டு ‘கரை’யும் ஒன்றாகச் சேருகிற இடம் ஒன்று நம் சமய வாழ்க்கையில் இருக்கு. யாராவது இறந்தால் அஸ்தியைக் கரைக்கக் கடற்கரைக்குப் போகிறோம். விநாயகர் சதுர்த்தி முடிந்தால் களிமண் பிள்ளையாரைக் கரைக்கப் போகிறோம். மாசி மகத்தன்று நம் பாவத்தைக் கரைக்கப் போகிறோம். கடலிடம் நாம் கேட்பது எப்போதும் இந்த ஒரே வேலைதான்: “இதை வாங்கிக்கோ, கரைச்சிடு.”

கடல் அந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று முதலில் பார்ப்போம். நான் பொறியியல் மாணவன், அதனால் கொஞ்சம் வேதியியல் வரும். பொறுத்துக்கோங்க, சீக்கிரம் கோயிலுக்குத் திரும்பிடுவோம்.

தண்ணீர் மூலக்கூறு ஒரு சின்னக் காந்தம் மாதிரி. அதன் ஒரு பக்கம் லேசான நேர் மின்னேற்றம், மறு பக்கம் லேசான எதிர் மின்னேற்றம். ஒரு உப்புக் கல்லைப் போட்டால் ஆயிரக்கணக்கான தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். சோடியத்தை ஒரு கூட்டம் இழுக்கும், குளோரைடை இன்னொரு கூட்டம் இழுக்கும், கல் காணாமல் போய்விடும். ஆனால் அது அழியவில்லை. கடல் முழுக்க அதுவாகவே இருக்கிறது. உலகக் கடல்களில் சராசரியாக ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு இப்படிக் கரைந்து கிடக்கிறது.

இதை இரசாயனப் புத்தகம் இல்லாமலே சொன்னவர் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர். அவருடைய உப்புப் பொம்மைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலின் ஆழத்தை அளக்கப் போன உப்புப் பொம்மை இறங்கின உடனே கரைந்துபோனது, திரும்பி வந்து ஆழத்தைச் சொல்ல ஆளே இல்லை. ஜீவன் பிரம்மத்தில் கலப்பதற்கு அவர் சொன்ன உவமை இது. (அவருடைய சீடர் விவேகானந்தர் 1893-ல் சிகாகோவுக்குப் போகும் வழியில் நம் பினாங்கைத் தொட்டுவிட்டுத்தான் போனார் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை.) அந்தக் கதையில் உப்புப் பொம்மைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பொம்மை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க பார்ப்போம். அது ஆழமும் அளந்திருக்காது, கரைந்தும் இருக்காது. மேலே மிதந்துகொண்டே இருந்திருக்கும்.

காரணம் எளிது. பாலித்தீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலி. அதில் நேரும் கிடையாது, எதிரும் கிடையாது. தண்ணீருக்குப் பிடித்து இழுக்க ஒரு பிடியும் இல்லை. தமிழில் பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பக்தியில் உள்ளம் நெகிழ்வது என்கிறோமே, அதே நெகிழ்வு. சூட்டில் நெகிழும் என்பதால் வந்த பெயர்தான். ஆனால் கடலிடம் போனால் நெகிழாத பொருள் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

ஒன்று சொல்லியாக வேண்டும். கரையாமல் இருப்பது பிளாஸ்டிக்கின் குற்றம் இல்லை. நாம்தான் அப்படி ஒன்றைத் தேடினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புநீர் உள்ளே புகாமல் கம்பியைச் சுற்ற ஒரு பொருள் வேண்டியிருந்தது. அது நம் மலாயாக் காடுகளில் கிடைத்தது. கட்டா பெர்ச்சா என்ற மரப்பால். 1870களின் தொடக்கத்தில் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்தி வந்தது இந்த மரப்பாலை நம்பித்தான். பிற்பாடு அதே வேலையைப் பாலித்தீன் எடுத்துக்கொண்டது. கரையாத பொருள் கடலுக்குள் நூறு வருஷம் ஒரு வேலை செய்ய வேண்டும் என்றால் அது அறிவு. ஐஸ் தே வாங்கி, பையின் ஓரத்தைக் கட்டி, பத்து நிமிஷத்தில் குடித்து முடித்துத் தூக்கிப் போடுகிற பைக்கும் அதே கரையாத பொருள் எதற்கு? இந்தக் கேள்விக்கு என் வகுப்பில் பதில் கிடைக்கவில்லை. என் பாட்டியிடம்தான் கிடைத்தது.

தாத்தாவின் அஸ்தியைக் கரைக்கப் படகில் போனோம். கலயம் ஒரு சிவப்புத் துணியில் இருந்தது. பூ, பால், தர்ப்பை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. சொன்ன இடத்தில் படகு நின்றதும் என் மாமா அந்தப் பையை அப்படியே கடலில் விடப் போனார். பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பையை அவிழ்த்து, பூவை ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாகத் தண்ணீரில் விட்டார். காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “பை எதுக்குப்பா அவருக்கு? அவரு போகட்டும்” என்றார். அவ்வளவுதான். பாட்டிக்குச் சுற்றுச்சூழல் பற்றி ஒன்றும் தெரியாது. போகிறவரோடு போகக்கூடியது எது, இங்கேயே தங்கிவிடுவது எது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

சமர்ப்பணம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. கொடுத்தது கொடுத்தவனை விட்டுப் போக வேண்டும். கரையாத ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தால் அது கொடுத்ததாகவே ஆகாது. இடம் மாற்றி வைத்ததுதான்.

சரி, அந்தப் பை கடலுக்குள் போனால் என்ன ஆகும்? கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.025 கிராம். பாலித்தீன் 0.91 முதல் 0.97 வரை. அதனால் பை மிதக்கும். தண்ணீர்ப் போத்தல் செய்கிற பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38. மூடியோடு உள்ளே காற்று இருக்கும்வரை போத்தல் மிதக்கும், தண்ணீர் புகுந்தால் மூழ்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தை நம் தீவிலேயே பார்க்கலாம். பினாங்குத் தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட்டில் ஒரு ஏரி இருக்கு. மேலே ஆற்றின் நல்ல தண்ணீர், அடியில் கடலின் உப்புநீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். நல்ல தண்ணீர் லேசு, உப்புநீர் கனம். தண்ணீருக்குள்ளேயே இப்படி மேல் கீழ் பார்க்கிற கடல், நாம் போடுகிற ஒவ்வொரு பிளாஸ்டிக்கையும் எடை பார்த்து அதனதன் தளத்தில் வைத்துவிடும். மேலே மிதப்பது ஆமைக்கு. அதே கெராச்சுட் கரையில்தான் முட்டையிட வரும் ஆமைகளுக்குக் காப்பகம் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கிற பையும் ஜெல்லி மீனும் ஆமையின் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அடியில் போவது எங்கே போகும்? உலகிலேயே ஆழமான மரியானா அகழியில், 10,000 மீட்டருக்கும் கீழே, ஒரு பிளாஸ்டிக் பை கிடப்பதை ஜப்பானிய ஆழ்கடல் ஆய்வுக் கருவி படம் எடுத்திருக்கிறது. உப்புப் பொம்மை அளக்க முடியாத ஆழத்தை பை அளந்துவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2018 மே மாதக் கடைசியில் தெற்குத் தாய்லாந்தின் சொங்க்லாவில் ஒரு திமிங்கலம் நீந்த முடியாமல் கிடந்தது. காப்பாற்ற நாள்கணக்கில் போராடினார்கள், முடியவில்லை. வயிற்றில் 80 பிளாஸ்டிக் பைகள், சுமார் 8 கிலோ. இங்கேயிருந்து கார் எடுத்தால் அரை நாளில் போய்விடலாம் அந்த ஊருக்கு.

வெயிலும் அலையும் பிளாஸ்டிக்கை உடைக்கும். ஆனால் உடைவது வேறு, கரைவது வேறு. ஒரு பை நூறு துண்டாகும், துண்டு தூளாகும், தூள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்போதும் அது பிளாஸ்டிக்தான். 5 மில்லிமீட்டருக்கும் சின்னதை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். கெராங்கும் சிப்பியும் தண்ணீரை வடிகட்டித்தான் வயிறு வளர்க்கின்றன. அந்தத் தூளும் அதோடு உள்ளே போகிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம், நம்ம ஊரில் கெராங் போடாத சார் குவே தியாவ் ஏது?

“நம்ம வீட்டுக் குப்பை கடலுக்கா போகுது?” என்று கேட்கலாம். ஜார்ஜ்டவுனில் லொங்காங்கில் விழுவது மழை வந்தால் ஆற்றுக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும். மலாக்கா நீரிணையின் மேற்பரப்பு நீரோட்டம் பெரும்பாலும் வடமேற்காக, அந்தமான் கடலை நோக்கிப் போகிறது. அங்கிருந்து வங்காள விரிகுடா எட்டாத தூரம் இல்லை. நம் கொள்ளுத்தாத்தாக்கள் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் கடந்து வந்த கடல் அது.

கடலின் நிலைமை எனக்கு முதன்முதலாக உறைத்தது 2014-ல். நான் அப்போது ஆரம்பப் பள்ளி. மார்ச் 8-ஆம் தேதி எம்எச்370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. வீட்டில் எல்லோரும் செய்திக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். தென் இந்தியப் பெருங்கடலில் ஏதோ மிதப்பதாகச் செயற்கைக்கோள் படம் வரும். அம்மா சாமி அறையில் விளக்கேற்றுவார். கப்பலும் விமானமும் போய்ப் பார்க்கும். மீன்பிடிச் சாமான், குப்பை. மறுபடியும் ஒரு படம், மறுபடியும் குப்பை. மனிதர்கள் போகவே போகாத கடல் என்று சொன்ன இடத்தில், நாம் உயிருக்கு உயிரானவர்களைத் தேடப் போனபோது, நாமே எறிந்தது நம் முன்னால் வந்து நின்றது. அடுத்த வருஷம் ஜூலையில் அந்த விமானத்தின் இறக்கைப் பாகம் ஒன்று ரியூனியன் தீவில், ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில், கரை ஒதுங்கியது. 16 மாதம் கடல் அதைச் சுமந்துகொண்டு போயிருக்கிறது. கரைக்க முடியாததைக் கடல் சுமக்கும். எங்காவது ஒரு கரையில் திருப்பி வைக்கும்.

இப்போது மாசி மகத்துக்கு வருவோம். வருணனுக்கும் அந்த நாளுக்கும் ஒரு கதை சொல்வார்கள். தோஷம் ஒன்று பிடித்து, வருணன் கட்டுண்டு கடலுக்கு அடியிலேயே கிடந்தான். கடலரசனே கடலுக்குள் கைதி. அவன் சிவபெருமானை வேண்ட, மாசி மகத்தன்று கட்டு அவிழ்ந்தது. மேலே வந்த வருணன் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. “இந்த நாளில் கடலில் நீராடுகிறவர்களுடைய பாவமும் இப்படியே அவிழ வேண்டும்” என்று கேட்டான். அந்த வரத்தை வைத்துத்தான் நாம் கடலில் இறங்குகிறோம்.

நம் தீவில் இந்த விழாவுக்குப் பேர் போன இடம் தெலுக் பஹாங். ஸ்ரீ சிங்கமுகக் காளியம்மன் கோயிலில் அம்மனைத் தெப்பத்தில் எழுந்தருளச் செய்து கடலில் உலா கொண்டுபோகிறார்கள். கரையில் பக்தர்கள் விளக்கேற்றிக் கடலில் விடுகிறார்கள். இருட்டில் அந்த விளக்குகள் அலைமேல் ஏறி இறங்கிப் போவதைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகக் கும்பிடும். நான் அந்த அழகுக்கு எதிராக ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். விளக்கு விடுவதை நிறுத்துங்கள் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வரும். நான் கேட்பது ஒன்றுதான். எந்தக் கடற்கரையில் விட்டாலும் சரி, உங்கள் கையிலுள்ள விளக்கு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? பொலிஸ்டிரீன் தட்டா? அதைச் சுற்றியிருப்பது பூவா, பிளாஸ்டிக் ஜிகினாவா? திரி அணைந்த பிறகு அந்தத் தட்டு எத்தனை வருஷம் கடலில் இருக்கும்? நம்முடைய கட்டு அவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, நம் கட்டை அவிழ்க்கிறவனுக்கு இன்னொரு கயிறு கட்டிவிட்டு வரலாமா?

இன்னொரு விஷயம் நம் பெரியவர்கள் கணக்குப் போட்டு வைத்ததா, தானாக அமைந்ததா தெரியாது. மாசி மகம் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வரும். சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் நேரம். கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும், வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். அதனால் அந்த நாளில் மணலில் விட்டுவிட்டு வருகிற போத்தல், கற்பூரப் பாக்கெட், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம், மற்ற நாளில் அலை எட்டாத இடத்தில் இருந்தாலும், அந்த ராத்திரி கடலுக்குப் போய்விடும்.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு நண்பர் கேட்பார்: “ஏண்டா, நம்ம ஒரு தட்டுதான் கடலைக் கெடுக்குதா? பெரிய கம்பெனிகளைக் கேட்டியா?” நியாயமான கேள்வி. உலகத்தில் 1950-ல் சுமார் 20 லட்சம் டன் பிளாஸ்டிக் செய்தார்கள், இப்போது வருஷத்துக்கு 40 கோடி டன்னுக்கு மேல். பசிபிக் குப்பைத் திட்டின் எடையில் கிட்டத்தட்ட பாதி, மீன்பிடி வலைகள். 2018-ல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவு வேண்டாம் என்றதும் அது நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கியது. 2020 ஜனவரிக்குள் மலேசிய அரசு 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பியது, அவற்றில் நம் பினாங்குத் துறைமுகத்தில் கிடந்தவையும் உண்டு. பணக்கார நாடுகள் தங்கள் வீட்டைப் பெருக்கி நம் வாசலில் கொட்டியது எனக்கும் எரிச்சல்தான். அதைக் கேட்க வேண்டும், சத்தமாகவே கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கொள்கலன் கடவுள் பேரால் வரவில்லை. நம் தட்டு கடவுள் பேரால் போகிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது.

பாற்கடல் கதையை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் அமுதம் வேண்டும், அதற்காகத்தான் தேவரும் அசுரரும் கடலைக் கடைந்தார்கள். முதலில் வந்தது ஆலகாலம். உடனே இரண்டு கூட்டமும் ஓடியது. நின்றவர் ஒருவர். அவர் அதைத் துப்பியிருந்தால் உலகம் போயிருக்கும், விழுங்கியிருந்தால் உள்ளே இருக்கும் உயிர்கள் போயிருக்கும். கண்டத்திலேயே நிறுத்தினார். கறைக்கண்டன் என்று பெயர் வந்தது. வல்லின ‘ற’ போட்ட கறை. கரையாததுதான் கறை ஆகிறது போல. நாம் பிளாஸ்டிக்கின் வசதி என்ற அமுதத்தைக் கடைந்தோம், நஞ்சை நிறுத்த ஒரு கண்டம் வைத்துக்கொள்ளவில்லை. 2022-ல் நெதர்லாந்தில் 22 பேருடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். 17 பேரின் இரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் இருந்தது.

பினாங்கில் 2011 ஜனவரி 1 முதல் கடைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது. வேண்டும் என்றால் 20 சென் என்று ஆரம்பித்தார்கள். அதனால் இந்த மாநிலத்து இளைஞர்களுக்குத் துணிப்பை தூக்குவது புதிதில்லை. கோயிலுக்குப் போகும்போது மட்டும் ஏனோ அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். பூமாலை பிளாஸ்டிக் பையில், கற்பூரம் பிளாஸ்டிக்கில், பன்னீர் பிளாஸ்டிக்கில், பிரசாதம் தாப்பாவ் டப்பாவில்.

மாற்று என்ன என்று கேட்காமல் விட மாட்டீர்கள். பினாங்கு என்றாலே மலாயில் பாக்கு. பாக்கின் பெயரைச் சுமக்கிற தீவில் இருந்துகொண்டு பாக்குமட்டைத் தட்டை விட்டுப் பொலிஸ்டிரீன் வாங்குகிறோம். எங்கள் குழுவில் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னச் சோதனை செய்தோம். பெரிய வாளியில் 10 லிட்டர் தண்ணீர், 300 கிராம் உப்பு. நம் நீரிணையில் ஆற்றுத் தண்ணீர் கலப்பதால் உப்பு கொஞ்சம் குறைவு, அதனால் 350 போடவில்லை. பாக்குமட்டை நன்றாக மிதந்தது, ஆனால் ஊறிய பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது. கொட்டாங்கச்சி நிமிர்ந்து நின்றது, ஆனால் லேசாகத் தட்டினாலே உருண்டது. ஜெயித்தது வாழைமட்டை. அதற்குள் வரிசை வரிசையாகக் காற்று அறைகள் இருக்கின்றன. ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஈர்க்குச்சியால் குத்திக் கோத்தால் போதும். ஸ்டேப்ளர் வேண்டாம், நூல் வேண்டாம், பசை வேண்டாம்.

விளக்குக்கு மெழுகுவத்திக் கிண்ணம் வைத்தோம், பிறகு எடுத்துவிட்டோம். மெழுகும் பெட்ரோலியம்தான், பிளாஸ்டிக்கின் பங்காளி. மண் அகல் கனம், மட்டை தாழ்கிறது. அப்போது பாட்டிதான் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தார்: “அம்மனுக்கு மாவிளக்குதானே போடணும்? அத வைங்களேன்.” பச்சரிசி மாவு, வெல்லம், நடுவில் குழி, நெய், பஞ்சுத் திரி. வாழைமட்டைமேல் வைத்தோம். அணையாமல் எரிந்தது. எரிந்து முடிந்தால் மாவு மீனுக்கு, மட்டை தண்ணீருக்கு. ஆறு மாவிளக்கு செய்ததில் இரண்டு இளகிச் சரிந்துவிட்டன. வெல்லம் அதிகம் என்றார் பாட்டி. மாவு இறுக்கமாக இருக்க வேண்டும், பிசைந்ததும் அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். மாசி மகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வாழைமரம் வெட்டுகிற வீடு யாருடையதாவது இருந்தால் மட்டையைத் தூக்கிப் போடாமல் சொல்லி அனுப்புங்கள். கத்தியும் ஈர்க்குச்சியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.